அலுப்பும் அந்தியும்: சேலம், நாமக்கல் சமவெளியில் ஓய்வின் வரலாறு

மன அழுத்தம் என்னும் சொல்லாட்சி தமிழ்ப் பேச்சு வழக்கில் வேரூன்றிச் சில பத்தாண்டுகளே ஆகின்றன எனினும், அது குறிக்கும் நிலை புதியதன்று. சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடையே விரிந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளியின் உழவரும் நெசவாளரும் அதை அலுப்பு, அசதி, சலிப்பு, உளைச்சல் எனப் பல பெயர்களால் அறிந்திருந்தனர். இவற்றுள் அலுப்பு என்பது உடம்பின் சோர்வுக்கும் மனத்தின் சோர்வுக்கும் பொதுவான சொல்லாகும். இரண்டையும் கூறுபோட்டுப் பார்க்கும் வழக்கம் அச்சொல்லைக் கையாண்டவர்களிடம் இல்லை. இப்பகுதிக்கு நெருக்கமான மற்றொரு சொல் கவலை. மனத்தை அரிக்கும் எண்ணத்துக்கு அது பெயராக இருப்பதைப் போலவே, கிணற்றுச் சரிவில் மாடுகளை முன்னும் பின்னுமாக ஓட்டி நீர் இறைக்கும் ஏற்றத்துக்கும் அதுவே பெயர். பிற வட்டாரங்களில் கமலை என்றும் கபிலை என்றும் வழங்குவது இங்கே கவலை ஆயிற்று. இவ்வொலி ஒற்றுமை தற்செயலானதாகவே இருக்கலாம். ஆயினும் விடியுமுன் தொடங்கிப் போன வழியே மீண்டு, மீண்ட வழியே போய், நாள்தோறும் ஒரே சரிவில் நடந்து தேயும் அந்த வேலைக்கு இதைவிடப் பொருந்திய பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

மருத்துவ அறிவியல் இந்நிலையைத் தனிப் பொருளாக ஆராயத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன், அச்சமும் சினமும் எழும்போது இதயம் விரைந்து துடிப்பதும் தசைகள் இறுகுவதும் செரிமானம் தடைப்படுவதும் உடல் போரிடவோ ஓடவோ தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ளும் செயல்களே என்று 1915இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஹங்கேரிய மரபில் வந்து கனடாவின் மான்ட்ரியல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே, குளிர், காயம், மிகையான உழைப்பு, நச்சு என எது தாக்கினாலும் உடல் ஏறத்தாழ ஒரே வகையில் எதிர்வினை புரிகிறது என்பதை நேச்சர் இதழில் 1936 சூலையில் சிறு குறிப்பாக வெளியிட்டார். உடல் முதலில் திடுக்கிட்டு விழித்துக்கொள்கிறது; தாக்குதல் நீடித்தால் அதைத் தாங்கி நிற்கப் பழகுகிறது; மேலும் நீடித்தால் தாங்கும் திறனே தீர்ந்து ஓய்ந்துபோகிறது என்று அவர் வகுத்த மூன்று நிலைகளே பின்னர் அழுத்தம் பற்றிய ஆய்வுகளுக்கெல்லாம் அடிப்படையாயின. அக்குறிப்பு வெளிவந்து பதினைந்தே மாதங்கள் கழிந்த நிலையில், 1937 அக்டோபர் 1ஆம் நாள், சென்னை மாகாண அரசு சேலம் மாவட்டம் முழுவதிலும் கள்ளுக்கடைகளையும் சாராயக் கடைகளையும் மூடியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆனால் உழைத்துக் களைத்தவன் அந்தி சாய்ந்தபின் தன் அலுப்பை எதைக்கொண்டு ஆற்றிக்கொள்வான் என்னும் கேள்வி, ஆட்சியாளர்கள் விடை சொல்லியாக வேண்டிய கேள்வியாகத் தமிழ்நாட்டில் எழுந்தது அந்த நாளிலிருந்துதான் என்று கொள்ள இடமுண்டு. அக்கேள்விக்கு முன்னும் பின்னுமாக இச்சமவெளியில் நிகழ்ந்தவற்றைத் தொகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேலம் மாவட்டம் என்று அன்று வழங்கிய நிலப்பரப்பு இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களை உள்ளடக்கியது. தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. காவிரி ஒரு விளிம்பில் ஓடினாலும் உட்பகுதி செம்மண்ணும் பாறையும் கலந்த மேட்டு நிலமாதலின், மழையையும் கிணற்றையும் நம்பியே வேளாண்மை நடந்தது. மழை பொய்த்தால் என்ன நேரும் என்பதைத் தாது வருடப் பஞ்சம் இம்மக்களுக்குக் கற்பித்திருந்தது. 1876இல் தொடங்கிய அப்பஞ்சத்துக்கு முன் 1871இலும் பின் 1881இலும் எடுக்கப்பட்ட குடிக்கணக்குகளை ஒப்பிட்டால், சேலம் மாவட்ட மக்கள்தொகை ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும் அளவுக்குக் குறைந்திருப்பது தெரியவரும். தானியக் குதிர் நிரம்பிய ஆண்டிலும் அடுத்த ஆண்டை எண்ணி அஞ்சும் மனப்பாங்கும், சிக்கனத்தையே குணமாகக் கொண்டாடும் இயல்பும் இந்த நினைவிலிருந்து கிளைத்தவையாக இருக்கக்கூடும்.

இத்தகைய வாழ்வில் ஓய்வு என்பது வேலை முடிந்தபின் கிடைக்கும் தனிப்பொருளாக இருக்கவில்லை. அது வேலைக்குள்ளேயே ஊடுபாவாக நெய்யப்பட்டிருந்தது. கவலை இறைப்பவர் வடக்கயிற்றின்மேல் அமர்ந்து சரிவில் இறங்கும்போது அவருடைய உடலின் எடையே மாடுகளுக்குத் துணையாகும். சால் மேலேறி நீரைக் கொட்டியதும் மாடுகள் பின்னோக்கி ஏறும் சிறு பொழுதில் மாட்டுக்கும் ஆளுக்கும் மூச்சு வாங்க இடைவெளி கிடைக்கும். எத்தனை சால் இறைத்தாயிற்று என்பதைப் பாட்டின் அடிகளைக்கொண்டே கணக்கிடுவதும் உண்டு. பாட்டு, வேலையின் சீரையும் மூச்சின் சீரையும் ஒன்றாக இணைத்தது. நடவிலும் களையெடுப்பிலும் பெண்கள் பாடியதற்கும் இதே பயன் இருந்தது. ஒரே தாளத்தில் பலர் கூடி மூச்சு விடுவது உடலின் பதற்றத்தைத் தணிக்கும் என்று இன்றைய உடலியல் கூறுவதை, அவ்வாறு பெயரிட்டுச் சொல்லாமலே அவர்கள் செய்துவந்தனர். இதனால் அவ்வேலை இன்பமானதாக இருந்தது என்று எண்ணிவிடலாகாது. பழைய உழைப்பைப் பாட்டும் பசுமையுமாக வருணிப்பவர்கள் பெரும்பாலும் கவலை ஓட்டியவர்கள் அல்லர்.

மாதத்துக்கு ஒருமுறை வரும் அமாவாசை, வாரந்தோறும் கூடும் சந்தை, ஆண்டுதோறும் வரும் நோம்பி என்று ஓய்வுக்கு மூன்று அளவுகள் இருந்தன. அமாவாசையன்று தறியில் கால் வைக்காதிருப்பதும் ஏர் பூட்டாதிருப்பதும் பலரிடம் வழக்கமாக இருந்தன. முன்னோருக்குப் படைக்கும் நாள் என்னும் சமயக் காரணத்தால் அந்த ஓய்வை எந்த முதலாளியும் எளிதில் பறிக்க முடியவில்லை. சேலத்தின் செவ்வாய்ப்பேட்டை என்னும் பெயரே செவ்வாய்க்கிழமைச் சந்தையின் நினைவைத் தாங்கி நிற்கிறது. நாமக்கல்லை அடுத்துள்ள புதன்சந்தை போல் கிழமையைப் பெயராகவே கொண்ட ஊர்களும் இருக்கின்றன. சந்தைக்குப் போவது விற்கவும் வாங்கவும் மட்டுமன்று, பேசவும் கேட்கவும் பெண் பார்க்கவும் வழக்குத் தீர்க்கவும் உரிய வாய்ப்பாகவும் அது அமைந்தது.

மூன்றாவதாகிய நோம்பியே இவற்றுள் பெரிது. கொங்கு வட்டாரத்தில் திருவிழாவை நோன்பு என்னும் சொல்லின் திரிபாகிய நோம்பி என்றே சொல்வர். சேலத்தில் ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் கோயிலிலும் நகரின் பிற பேட்டைகளிலுள்ள மாரியம்மன் கோயில்களிலும் ஒரே காலத்தில் பூச்சாட்டி விழா எடுப்பதால், நெசவாளரும் வெள்ளிக் கொலுசு செய்வோரும் வணிகரும் ஒருசேர வேலையை நிறுத்தும் நிலை ஏற்பட்டது. கம்பம் நட்டு அதைச் சுற்றி ஆடுவதும், பூவோடு எடுப்பதும், சாமி வந்து ஆடுவதும் குறி கேட்பதும் அடக்கி வைக்கப்பட்ட உணர்வுகளுக்கு ஊரறிய வெளிப்பட வழிசெய்தன. வீட்டுக்குள் வாய் திறக்க முடியாத மருமகள், சாமி வந்த நேரத்தில் தன் குறையை ஊர் நடுவே சொல்லலாம். அப்போது அது அவள் பேச்சாகாது, அம்மனின் பேச்சாகும். குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையில், ஆண்டு முழுவதும் தறிக்குழியிலும் பட்டறையிலும் குனிந்து கிடந்தவர்கள் சிவனாகவும் கிருட்டிணனாகவும் வேடம் பூண்டு அலங்கரித்த வண்டிகளில் நிமிர்ந்து அமர்ந்து ஊர்வலம் வருகின்றனர். இதைவிட நேரான எதிர்மருந்து ஒன்றை எந்த மருத்துவரும் எழுதித் தந்துவிட முடியாது.

நெசவாளரின் நாள் உழவரின் நாளிலிருந்து வேறுபட்டது. குழித்தறியில் காலை மிதியில் வைத்து, கையால் நாடா எறிந்து, ஒரே இருப்பில் பல மணி நேரம் அமர்ந்திருக்கும் இவ்வேலையில் முதுகும் கண்ணும் தேய்ந்தாலும், எப்போது தொடங்குவது, எப்போது எழுவது என்பது நெய்பவரின் முடிவாக இருந்தது. பாவு ஓட்டிக் கஞ்சி தோய்த்துத் தெருவில் நீட்டும் வேலைக்கு வெயில் வேண்டுமாதலால், மழை நாள் தானே ஓய்வு நாளாயிற்று. துணியை வணிகரிடம் ஒப்படைக்கவேண்டிய கெடு நெருங்கியபோது இரவும் பகலாயிற்று. இந்தத் தன்னுரிமையின் மதிப்பை எதிர்பாராத வகையில் அளந்து காட்டியது, சென்னை அரசின் தொழில் வளர்ச்சிப் பணிகளை முன்னின்று நடத்திய ஆல்பிரட் சாட்டர்டன் 1906இல் சேலத்தில் தொடங்கிய அரசு நெசவுக்கூடம். சிதறிக் கிடந்த நெசவாளர்களை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்து, மேம்பட்ட விசைநாடாத் தறிகளைக் கொடுத்து, கூலிக்கு நெய்ய வைத்தால் உற்பத்தி பெருகும் என்பது அவர் கணக்கு. தறியின் கணக்கு தவறவில்லை. ஆளின் கணக்கு தவறியது. குறித்த நேரத்துக்கு வந்து குறித்த நேரத்துக்குப் போகும் கட்டுப்பாட்டை நெசவாளர்கள் விரும்பவில்லை. வீட்டில் நெய்தால் மனைவியும் மக்களும் உடனிருந்து உதவுவர் என்பதும் அவர்களை வீட்டோடு பிணைத்தது. அரசே தொழில் நடத்துவதை இலண்டன் ஏற்காத நிலையில் 1910இல் அக்கூடம் மூடப்பட்டது.

ஆங்கிலேய அலுவலர் பலர் இதைச் சோம்பல் என்று கருதியிருக்கக்கூடும். ஆனால் அவர்களுடைய சொந்த நாட்டின் கைத்தறியாளர்களும் தொழிற்புரட்சிக்கு முன்பு திங்கட்கிழமையைத் தாமாகவே விடுமுறையாக்கி, அதற்குப் புனிதர் பட்டமும் சூட்டி, வாரக் கடைசியில் விழுந்து விழுந்து நெய்து ஈடுகட்டியவர்களே என்பதை வரலாற்றறிஞர் ஈ. பி. தாம்சன் 1967இல் எழுதிய கட்டுரையில் விரித்துரைத்தார். அங்கே திங்கட்கிழமை, இங்கே அமாவாசை. வேலைப்பளு மிகுதியாக இருப்பது மட்டும் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை, பளு மிகுந்தும் அதை நடத்தும் உரிமை குறைந்தும் இருக்கும்போதே அது உடலையும் மனத்தையும் கெடுக்கிறது என்னும் கருத்தை இராபர்ட் கராசெக் 1979இல் ஆய்வுகளின் துணையோடு முன்வைத்தார். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக முன்னரே சேலத்து நெசவாளர்கள் அதைத் தம் கால்களால் சொல்லிவிட்டுக் கூடத்தைவிட்டு நடந்து போயிருந்தனர்.

இனி, கள். பனையும் தென்னையும் ஈச்சமரமும் மண்டிய இச்சமவெளியில் கள் நெடுங்காலமாகவே உழைப்பவரின் அந்திப் பொருளாக இருந்துவந்தது. புளித்த கள்ளில் மதுச்சத்து குறைவு. ஓரளவு ஊட்டமும் உண்டு. ஆதலால் அதை உணவோடு சேர்த்து எண்ணியவர்களும் இருந்தனர். மது முதலில் தசையின் இறுக்கத்தையும் மனத்தின் நடுக்கத்தையும் தளர்த்துகிறது. சில மணி நேரம் சென்றபின் உறக்கத்தைக் குலைத்து, மறுநாளின் பதற்றத்தை முன்னைவிடக் கூட்டுகிறது. அந்தப் பதற்றத்தைத் தணிக்க மறுநாளும் அதையே நாட வேண்டியதாகிறது. கடனுக்கு வட்டி கட்ட மீண்டும் கடன் வாங்குவதைப் போன்றது இது. எனினும் தனிமனிதரின் பழக்கமாக இருந்த ஒன்றைப் பெருந்தீங்காக வளர்த்ததில் அரசின் பங்கு சிறிதன்று. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் மது உற்பத்தியையும் விற்பனையையும் அரசின் பிடிக்குள் கொண்டுவந்தது. ஆப்காரி என்பது மதுவரித் துறைக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர். மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம் என்னும் முறையில், அதிகத் தொகைக்குக் கடையை ஏலம் எடுத்தவர் அதை மீட்க அதிகம் விற்றாக வேண்டியிருந்தது. 1930களில் மாகாண வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்வழியே வந்தது. உழைப்பவரின் அலுப்பு, அரசின் கருவூலத்தில் இவ்வாறு நாணயமாக மாறியது.

இந்த ஏற்பாட்டை எதிர்த்த கருத்துப் போரின் ஊற்றும் இச்சமவெளியிலேயே இருந்தது. சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, 1917 முதல் 1919 வரை அந்நகராட்சியின் தலைவராகவும் பணியாற்றிய, இராஜாஜி எனப்படும் சி. இராஜகோபாலாச்சாரி, திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் அளித்த நிலத்தில் 1925இல் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர் நூற்பும் நெசவும் முதன்மைப் பணிகளாக இருந்த அந்த ஆசிரமத்திலிருந்து 1929இல் மதுவிலக்குக்கென்றே விமோசனம் என்னும் மாத இதழ் வெளிவந்தது. அதன் ஆசிரியப் பணியில் இராஜாஜிக்குத் துணையாக இருந்தவர் பிற்காலத்தில் கல்கி என்று புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி. உப்புச் சத்தியாக்கிரகம் குறுக்கிட்டதால் பத்து இதழ்களோடு நின்றுபோன அவ்விதழ், படமும் கதையுமாகக் குடியின் கேட்டை எழுத்தறிவு குறைந்தோருக்கும் கொண்டுசெல்ல முயன்றது. குடிப்பவரின் வீடு, மனைவியின் கண்ணீர், கடன்காரனின் மிரட்டல் என்று அது காட்டிய உலகில் குடிக்கு முந்தைய பகல்பொழுது மிகக் குறைவாகவே இடம்பெற்றது. அந்தக் குறை பின்னர் வந்த சட்டத்திலும் தொடர்ந்தது.

1937 சூலையில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். நாடு முழுவதும் மூன்றாண்டுகளுக்குள் மதுவிலக்கு வரவேண்டும் என்று காந்தியடிகள் அதே காலத்தில் வற்புறுத்தி எழுதினார். மாகாணம் முழுவதும் ஒரே நாளில் வருவாயைத் துறப்பது இயலாதென உணர்ந்த இராஜாஜி, தாம் பிறந்த, தாம் நன்கறிந்த சேலம் மாவட்டத்தையே முதல் சோதனைக் களமாகத் தேர்ந்தார். 1937ஆம் ஆண்டின் பத்தாம் சட்டமாகிய சென்னை மதுவிலக்குச் சட்டம் இவ்வாறு பிறந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த டிக்சன் என்னும் ஆங்கிலேயர், தம் நாட்டினருக்குப் பெரிதும் உடன்பாடில்லாத ஒரு கொள்கையை முழு முனைப்போடு நிறைவேற்றினார் என்பது இவ்வரலாற்றின் சுவையான முரண்களுள் ஒன்று.

தடை விதித்தது அச்சட்டத்தின் ஒரு பாதி மட்டுமே. கடை மூடப்பட்ட அந்தியில், அதுவரை கடைக்குப் போனவர் எங்கே போவார் என்பதை அரசு முன்கூட்டியே எண்ணியது. குடிக்கு மாற்றாக மக்களை ஈர்க்கக்கூடியவற்றைக் கொண்டு ஒரு திட்டத்தை வகுத்தது. ஊர்தோறும் விளையாட்டு, பஜனை, நாடகம், கதைகூறல் ஆகியவற்றை ஊக்குவிப்பதும், தேநீரும் மோரும் கிடைக்கச் செய்வதும், மிச்சமாகும் காசைச் சேமிக்கக் கூட்டுறவுச் சிக்கனச் சங்கங்களை அமைப்பதும் அதில் அடங்கின. வரி தண்டுவதையும் அமைதி காப்பதையுமே தம் கடமையாகக் கொண்டிருந்த மாவட்ட அலுவலர்கள், பஜனைக்கும் சடுகுடுவுக்கும் ஏற்பாடு செய்யும் நிலைக்கு வந்தனர். நகைப்புக்கு இடந்தரும் காட்சிதான் எனினும், உழைப்பவரின் மனநிலை அரசின் அக்கறைக்குரியது என்னும் கருத்து முதன்முதலாக ஆட்சி நடைமுறையில் இடம்பெற்ற தருணம் அது. களைத்த தொழிலாளி கைகாலை ஆற்றிக்கொள்ளவும், மலிவான சத்துள்ள சிற்றுண்டி பெறவும், பொருத்தமான விளையாட்டில் ஈடுபடவும் ஏற்ற கூடங்களைக் காங்கிரசார் திறக்க வேண்டும் என்று காந்தியடிகள் 1941இல் தம் நிர்மாணத் திட்ட நூலில் எழுதியபோது, அதற்கு முன்மாதிரி சேலத்தில் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது.

காலமும் ஓரளவு துணை நின்றது. திருச்செங்கோட்டு டி. ஆர். சுந்தரம் ஏற்காடு சாலையில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், தன் முதல் படமாகிய சதி அகல்யாவை வெளியிட்டது 1937இல்தான். மேட்டூர் நீர்மின் நிலையம் மின்சாரம் வழங்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். விளக்கும் திரைப்படமும் தேநீரும் சேர்ந்து நகரத்து அந்தியின் முகத்தை மாற்றத் தொடங்கியிருந்தன. சிற்றூர்களில் விடிய விடிய நடந்த தெருக்கூத்து தன் இடத்தை இன்னும் இழக்கவில்லை.

சட்டம் நடைமுறைக்கு வந்து ஓராண்டு ஆனபின் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் துறை அதன் விளைவுகளைக் குடும்ப வரவுசெலவுகளின் வழியே ஆராய்ந்தது. குடிக்குப் போன பணத்தில் பெரும்பகுதி உணவுக்கும் துணிக்கும் திரும்பியது, வீட்டுச் சண்டைகள் குறைந்தன என்பதே அதன் பொதுப்போக்கு. குடிப்பவரின் அலுப்பு ஒருவருடையது. அவர் குடிப்பதால் வீட்டிலிருந்தோர் சுமந்த அச்சம் பலருடையது என்பதை எண்ணினால், இச்சட்டத்தால் பெண்கள் பெற்ற நிம்மதியைச் சிறிதென்று தள்ளிவிட முடியாது. ஆனால் கள் இறக்கியவர்களின் நிலை வேறு. நாளுக்கு இருமுறை பனையேறிப் பிழைத்தவர்கள் தொழிலை ஒரே நாளில் இழந்தனர். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் இனிப்பு நீராகிய பதநீரை, இவ்வட்டாரத்தில் தெளுவு என்று வழங்குவர். அதை இறக்கிக் கருப்பட்டி காய்ச்ச அவர்களுக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. கருப்பட்டிக்கு விறகு வேண்டும், அடுப்படியில் நாள் முழுவதும் நிற்கப் பெண் ஒருத்தி வேண்டும், சந்தையில் சர்க்கரையோடு போட்டியிட வேண்டும். குடித்தவரின் சுமை இறங்கியபோது, இறக்கிக் கொடுத்தவரின் சுமை ஏறியது.

தேநீர்க்கடை குறித்தும் ஒரு சொல் சொல்லவேண்டும். கள்ளுக்கடையின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்துக்கொண்ட அது, நாளிதழ் உரக்கப் படிக்கப்படும் இடமாகவும், வேலை தேடுவோரும் தருவோரும் சந்திக்கும் இடமாகவும், ஊர் வம்பின் களஞ்சியமாகவும் வளர்ந்தது. ஆயினும் அதன் ஆறுதல் எல்லார்க்கும் ஒரே குவளையில் கிடைக்கவில்லை. மேற்குத் தமிழகச் சிற்றூர்க் கடைகளில் தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைக்கும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. அலுப்பை ஆற்ற வந்த இடத்திலேயே அவமதிப்பையும் விழுங்கவேண்டியிருந்த அவர்களுக்கு அந்தத் தேநீரை ஓய்வின் கணக்கில் சேர்ப்பது பொருந்தாது.

1937ஆம் ஆண்டுச் சோதனையின் உண்மையான குறை, பலரும் சொல்வதுபோல், கள்ளச் சாராயம் அன்று. அந்தியைத் திருத்த முனைந்த அரசு பகலைத் தொடவில்லை என்பதே அதன் குறை. கூலி, வேலை நேரம், கடன், நிலத்தின் மீதான உரிமை ஆகியவை முன்பிருந்தவாறே இருக்க, அவற்றால் விளைந்த அலுப்பை ஆற்றும் முறையை மட்டும் மாற்றிவிடலாம் என்று அது நம்பியது. இன்று அலுவலகங்களில் வேலைப்பளுவைக் குறைக்காமல் மூச்சுப் பயிற்சி வகுப்பு மட்டும் நடத்துவோரின் நம்பிக்கையும் இதுவேயாகும். மூச்சுப் பயிற்சியும் பயனுள்ளதுதான், பஜனையும் பயனுள்ளதுதான். அவை பகலின் குறையை நிரப்பமாட்டா என்பதே இங்குச் சுட்டத்தக்கது.

சோதனை 1938இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும் அடுத்த ஆண்டு வட ஆர்க்காட்டுக்கும் விரிந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் சென்னை அரசு கொண்டுவந்த பொது விற்பனை வரி, இந்தியாவுக்கே அவ்வகையில் முன்னோடியாயிற்று. அவ்வாண்டு இறுதியில் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. போர்க்காலத்து ஆளுநர் ஆட்சியில் மதுவிலக்குக் கைவிடப்பட்டது. 1946இல் மீண்டும் தொடங்கி 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுமைக்கும் பரவியது.

அதன்பின் வந்த அரை நூற்றாண்டில் பகல் முற்றிலும் உருமாறியது. எண்ணெய் எந்திரமும் மின் இறைப்பியும் வந்து கவலை ஏற்றத்தைக் கிணற்றுமேட்டிலிருந்து அகற்றின. ஆனால் மும்முனை மின்சாரம் முறைவைத்து நள்ளிரவில் வந்தபோது, மாடு ஓய்ந்த நேரத்தில் உழவர் விழித்திருக்க வேண்டியதாயிற்று. குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு, இளம்பிள்ளை ஆகிய ஊர்களில் விசைத்தறி பெருகியது. கைத்தறியில் ஓசைக்கு நடுவே பேச்சு இருந்தது. விசைத்தறிக் கொட்டகையில் பேச்சுக்கே இடமில்லை. பன்னிரண்டு மணி நேர முறைகளும் இரவு வேலையும் வழக்கமாயின. வேலையில் சேரும்போது முன்பணமாக வாங்கும் தொகை இங்கே பாக்கி எனப்படும். அதைத் தீர்க்காமல் வேறு தறிக்கு மாற முடியாது. மானிடவியலாளர் கீர்ட் டி நேவ் குமாரபாளையத்துத் தறித்தொழில் பற்றிய ஆய்வுகளில் இந்த ஏற்பாட்டை விரிவாக எழுதியிருக்கிறார். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு ஒன்பது, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று வரம்பு கட்டியிருந்தாலும், மின்விசையுடன் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கே அது பொருந்துமாதலால், சிறு சிறு கொட்டகைகள் அதன் கண்ணுக்கு வெளியே நின்றன. சேலத்து அரசு நெசவுக்கூடத்தைவிட்டு நடந்துபோனவர்களுக்கு இருந்த உரிமை, பாக்கி வாங்கியவருக்கு இல்லை.

நாமக்கல் லாரிக்குப் பெயர்பெற்றது. கூண்டு கட்டும் பட்டறைகளும் சரக்கு லாரிகளும் எரிவாயு டேங்கர்களும் இந்நகரின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றன. 1961ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேற்படாமல் ஓட்டியபின் அரை மணி நேர ஓய்வு என்று வகுத்தது. சோதனைச் சாவடியில் காத்துக்கிடக்கும் நேரமும், சரக்கு ஏற்ற வரிசையில் நிற்கும் நேரமும், கிளீனர் இல்லாமல் தனியே ஓட்டும் வடநாட்டு இரவுகளும் அந்த எட்டு மணி நேரத்துக்குள் அடங்குவதில்லை. வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருப்பவருக்கு ஆடி நோம்பியும் அமாவாசையும் கைப்பேசித் திரையில்தான் வருகின்றன. இதே நிலத்தில் 1990களுக்குப் பின் பெருகிய விடுதிப் பள்ளிகள், மதிப்பெண்ணையே விளைச்சலாகக் கொண்டு, பதினேழு வயதினரின் நாளையும் கால அட்டவணையால் கட்டிப்போட்டன. மாநில அளவில் முதலிடம் பெற்றோரின் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் தமிழ்நாடு அரசு கைவிட்டபோது, மாணவரின் மன அழுத்தமே காரணமாகக் கூறப்பட்டது. எண்பது ஆண்டு இடைவெளியில், அலுப்பைக் காரணமாகக் காட்டி அரசு எடுத்த இரண்டு முடிவுகளும் இச்சமவெளியை நேரே தொட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

மதுவிலக்கோ 1971 ஆகஸ்டில் நிறுத்தி வைக்கப்பட்டு, 1974இல் மீண்டும் வந்து, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் மொத்த விற்பனைக்கென்று தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது. 1987 முதல் கள் தடை செய்யப்பட்டது. 2003 இறுதியில் சில்லறை விற்பனையும் அக்கழகத்தின் கைக்கே வந்தது. சேலத்தில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்த 1937ஆம் ஆண்டின் பத்தாம் சட்டம் இன்றளவும் நீக்கப்படவில்லை. அரசு மதுக்கடைகள் இயங்க வழிசெய்யும் 2003ஆம் ஆண்டின் விதிகள் அந்த மதுவிலக்குச் சட்டத்தின்கீழ்தான் இயற்றப்பட்டிருக்கின்றன.